ஜெர்சிக்குப் பணம் கிடைக்கும், சம்பளத்துக்குக் கிடைக்காது: பெரும்பாக்கத்தில் கால்பந்து நடத்திய அனுபவம்

"எங்க ஏரியாப் பிள்ளைங்களுக்கு ஃபுட்பால் சொல்லிக்கொடுக்கலாம்னு இருக்கேன், எவ்வளவு செலவாகும்?" என்று அவ்வப்போது யாராவது போன் செய்து கேட்கிறார்கள். பந்து என்ன விலை, ஜெர்சி எங்கே தைப்பது, ஷூ எந்தக் கடையில் மலிவு என்றுதான் பெரும்பாலும் கேள்வி வரும். நானும் இதே கேள்வியோடுதான் ஆரம்பித்தேன். பதில் சொல்ல அன்றைக்கு எனக்கு ஆள் கிடைக்கவில்லை. அதற்குப் பிறகு கையை விட்டுப் போன பணத்தையும், அடகில் கிடந்த நகையையும், தூங்காத இரவுகளையும் கூட்டிப் பார்த்தால் பந்தும் ஜெர்சியும் அதில் ஒரு மூலைக்குக்கூட வராது. ஒவ்வொருவரிடமும் போனில் துண்டு துண்டாகச் சொல்வதை இங்கே முழுதாக எழுதி வைக்கிறேன்.

என்னைப் பற்றிக் கொஞ்சம். எங்கள் குடும்பம் கூவம் கரையில் இருந்தது. 2015 வெள்ளத்துக்குப் பிறகு ஆற்றங்கரையில் இருந்தவர்களைச் சென்னைக்குத் தெற்கே இருக்கும் பெரும்பாக்கத்துக்கு மாற்றினார்கள், அதில் நாங்களும் வந்தோம். பள்ளியிலும் கல்லூரியிலும் கால்பந்து ஆடியவள் நான். இப்போது பழைய மகாபலிபுரம் சாலையில் ஒரு அலுவலகத்தில் கணக்குப் பிரிவில் வேலை. பெரும்பாக்கத்தைப் பார்க்காதவர்களுக்கு: எட்டு மாடிக் கட்டடங்கள் வரிசை வரிசையாக நிற்கும். ஒவ்வொரு கட்டடத்திலும் சென்னையின் வெவ்வேறு கரைகளிலிருந்து, வெவ்வேறு தெருக்களிலிருந்து வந்த குடும்பங்கள். பக்கத்து வீட்டுக்காரர் யார் என்றே பல மாதம் தெரியாது. அப்பா அம்மாவின் வேலை மட்டும் பழைய இடத்திலேயே இருக்கும். அதனால் விடிவதற்குள் பஸ் பிடித்துப் போனவர்கள் இரவு எட்டு மணிக்குத்தான் வீடு திரும்புவார்கள்.

இதை ஏன் சொல்கிறேன் என்றால், வியாசர்பாடியில் நடந்தது எங்கள் இடத்தில் தானாக நடக்காது. ரயில்வே பணிமனையும் பின்னி மில்லும் இருந்த வட சென்னையில் கால்பந்து தலைமுறை தலைமுறையாக ஆடப்படுகிறது. வியாசர்பாடியைக் குட்டி பிரேசில் என்றே சொல்வார்கள். 'சென்னையின் எஃப்சி' என்ற கிளப்புக்கும் இந்திய அணிக்கும் ஆடிய தனபால் கணேஷ் அங்கிருந்து வந்தவர்தான். அங்கே தெருவில் ஒரு அண்ணன் ஆடுவான், தம்பி பார்ப்பான், பத்து வருடத்தில் தம்பியே அண்ணனாகி அடுத்தவனுக்குச் சொல்லிக்கொடுப்பான். மறுகுடியமர்த்திய இடத்தில் அந்தச் சங்கிலி அறுந்து போயிருக்கும். யார் அண்ணன், யார் தம்பி என்பதையே புதிதாக உண்டாக்க வேண்டும். அதற்கு வருடங்கள் ஆகும், சம்பளம் கொடுத்து ஆள் வைக்க வேண்டும். இந்த ஒன்றைப் பணம் தருபவர்களுக்குப் புரியவைக்க முடியாமல்தான் நான் அலைந்தேன்.

முதலில் இடத்தைப் பற்றி. பிளாக்குகளுக்கு நடுவில் ஒரு காலி மண் தரை இருந்தது. காலியாகக் கிடந்தாலும் அதற்கு உரிமை கொண்டாட ஆட்கள் உண்டு. காலையில் தண்ணீர் லாரி நிற்கும், சாயங்காலம் ஷேர் ஆட்டோ திரும்பும், ஞாயிற்றுக்கிழமை பெரியவர்கள் கிரிக்கெட் ஆடுவார்கள், இருட்டினால் சிலர் பாட்டிலோடு உட்காருவார்கள். இவர்கள் எல்லோரிடமும் தனித்தனியாகப் போய்ப் பேச வேண்டும். ஆட்டோக்காரர்களிடம் பேசியது ஒரு டீயில் முடிந்தது. குடிப்பவர்களிடம் நான் பேசவில்லை. பிள்ளைகளின் அம்மாக்கள் சிலர் மாலையில் அங்கே வந்து உட்கார ஆரம்பித்ததும் அவர்களாகவே இடம் மாறிக்கொண்டார்கள். ஆனால் உடைந்த கண்ணாடி கிடக்கும். அதற்கு ஒரு வழி வெளிநாட்டிலிருந்து கிடைத்தது. கென்யாவில் நைரோபி நகரத்தின் மத்தாரே குடிசைப் பகுதியில் 1987இல் ஒரு இளைஞர் விளையாட்டுச் சங்கம் தொடங்கினார்கள். அங்கே குப்பை அள்ளும் அணிக்கு லீக் பட்டியலில் புள்ளி சேரும். பின்னாளில் அந்தப் பகுதியிலிருந்து வந்த மத்தாரே யுனைடெட் 2008இல் கென்ய பிரீமியர் லீக்கையே வென்றது. அந்த யோசனையை அப்படியே எடுத்துக்கொண்டோம். ஆட்டத்துக்கு முன்னால் கண்ணாடி பொறுக்கும் டீமுக்குப் புள்ளி. முதல் வாரத்திலேயே தரை சுத்தமாகிவிட்டது. பெரியவர்கள் கையுறையோடு முன்னால் நின்று செய்ய வேண்டும், பிள்ளைகளை வெறுங்கையோடு விடக்கூடாது.

அனுமதி விஷயத்தில்தான் அடி வாங்கினோம். அப்போதிருந்த அதிகாரி நல்லவர், "ஆடுங்கம்மா, யார் கேக்கப் போறா" என்றார். அவர் மாற்றலாகிப் போனார். அடுத்து ஒருநாள் காலையில் போய்ப் பார்த்தால் தரை முழுக்க ஜல்லியும் எம்சாண்டும் கொட்டியிருந்தது, வேறு எங்கேயோ நடக்கும் வேலைக்கு. மூன்று மாதம் போல ஆட்டமே இல்லை. பாதிப் பிள்ளைகள் திரும்பி வரவில்லை. அன்று எனக்கு வந்த ஆத்திரத்தை இன்றும் விழுங்க முடியவில்லை. வாய்வார்த்தையை நம்பி ஒரு பிள்ளையைக்கூடச் சேர்க்காதீர்கள். எந்தக் கிழமை, எத்தனை மணி முதல் எத்தனை மணி வரை, எந்த இடம் என்று எழுதி மனு கொடுங்கள். பெற்றுக்கொண்டதற்கு முத்திரையும் பதிவு எண்ணும் போட்ட நகலை வாங்கிக்கொள்ளுங்கள். வருடா வருடம் புதுப்பியுங்கள். வார்டு உறுப்பினருக்கும் பக்கத்து அரசுப் பள்ளித் தலைமையாசிரியருக்கும் அதே நகல் போகட்டும். எங்களுக்குக் கடைசியில் கைகொடுத்தது அந்தப் பள்ளித் தலைமையாசிரியர்தான்.

சாமான் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. சென்னை பெரியமேட்டுக் கடைகளில் கிடைக்காதது இல்லை. பன்னிரண்டு வயது வரைக்கும் நான்காம் நம்பர் பந்து, அதற்கு மேல் ஐந்தாம் நம்பர். மண் தரைக்கு விலை உயர்ந்த பந்து வேண்டாம், தோல் உரிந்துவிடும். ஷூவைப் பிள்ளைகளுக்குக் கொடுத்து அனுப்பாதீர்கள். நாங்கள் அளவு வாரியாகப் பெட்டியில் வைத்து, ஆட்டத்துக்கு முன்னால் கொடுத்து, முடிந்ததும் வாங்கி வைக்கிறோம். வளரும் கால்களுக்கு ஆறு மாதத்துக்கு ஒரு தடவை புது ஷூ வாங்க யாராலும் முடியாது. ஷூ இருப்பவன், இல்லாதவன் என்ற பிரிவும் இதில் அடிபட்டுப்போனது.

அப்புறம் சாப்பாடு. இதை யாருமே எனக்குச் சொல்லவில்லை. நாலரைக்கு ஆரம்பித்தால் ஐந்து மணிக்கெல்லாம் சின்னப் பிள்ளைகள் ஓரமாகப் போய் உட்கார்ந்துவிடுவார்கள். சோம்பல் என்று கோச் கத்துவார். ஒருநாள் ஒரு பையனிடம் கடைசியாக என்ன சாப்பிட்டாய் என்று கேட்டேன். மதியம் பள்ளியில் சத்துணவு, அவ்வளவுதான். இனி இரவு அம்மா வந்து சமைத்தால்தான். அந்த வயிற்றோடு ஒரு மணி நேரம் ஓடு என்று சொல்வது கொடுமை. மறுநாளிலிருந்து அவித்த முட்டையும் சுண்டலும் ஏற்பாடு செய்தேன். எங்கள் பிளாக்கிலேயே ஒரு அக்காவிடம் மாதச் சம்பளத்துக்குப் பேசினேன். ஆட்டம் ஆரம்பிக்கும் முன்னால் சுண்டல், முடிந்த பிறகு முட்டை. நாற்பது பிள்ளைகளுக்குத் தினமும் ஐந்நூறு ரூபாய் வரைக்கும் ஆகும். வருகை நிலையானது அன்றைக்குப் பிறகுதான். பந்து அவர்களைக் கூட்டிக்கொண்டு வந்தது, முட்டை அவர்களை இருக்கவைத்தது. அந்த அக்கா தினமும் மைதானத்தில் இருந்ததால் வேறு பலனும் கிடைத்தது. எந்தப் பிள்ளை அடிபட்டு வந்திருக்கிறது, எவன் இரண்டு நாளாகப் பள்ளிக்குப் போகவில்லை, எந்த வீட்டில் அப்பா குடித்துவிட்டு ரகளை செய்தார் என்பதெல்லாம் கோச்சுக்குத் தெரிவதற்கு முன்னால் அவருக்குத் தெரியும்.

சண்டை வரும். வராமல் இருக்காது. நாங்கள் முதலில் பிளாக் வாரியாக டீம் பிரித்தோம், வீட்டுக்குப் பக்கத்தில் இருப்பவர்கள் சேர்ந்து ஆடினால் வசதி என்று. பக்கத்துக்கு ஏழு பேர் ஆடும் ஒரு செவன்ஸ் ஆட்டத்தில் பெனால்டி கொடுத்தது சரியா இல்லையா என்று ஆரம்பித்தது, இரவு இரண்டு பிளாக் பெரிய பையன்கள் கட்டையோடு மோதிக்கொண்டார்கள். மறுநாள் விசாரணைக்கு வந்தவர்கள் மைதானத்தில் இருந்த பையன்கள் எல்லோருடைய பெயரையும் எழுதிக்கொண்டு போனார்கள், சண்டைக்கே வராத பிள்ளைகளையும் சேர்த்து. பெரும்பாக்கம் என்று முகவரி சொன்னாலே வேலை கொடுக்கத் தயங்கும் ஊர் இது. அதில் ஒரு பையனின் பெயர் போலீஸ் நோட்டில் ஏறினால் அவன் வாழ்க்கையில் அது என்ன செய்யும் என்று நினைத்து அன்றிரவு அழுதேன். ஒரு வழக்கறிஞரையும் தலைமையாசிரியரையும் கூட்டிக்கொண்டு போய்ப் பேசி, தொடர்பில்லாத பிள்ளைகளின் பெயரை எடுக்கவைத்தோம்.

அதற்குப் பிறகுதான் மூன்று பாதி ஆட்டத்துக்கு மாறினோம். 1994 உலகக் கோப்பையில் தவறுதலாகச் சொந்த அணியின் வலைக்குள் பந்தை அடித்துவிட்ட கொலம்பிய வீரர் ஆந்த்ரேஸ் எஸ்கோபர், ஊர் திரும்பிய சில நாட்களில் மெடெயின் நகரில் சுட்டுக்கொல்லப்பட்டார். அந்த நகரத்தின் தெருக்களில் அதற்குப் பிறகு தொடங்கிய முறை இது. இப்போது உலகம் முழுக்கப் பல நாடுகளில் ஆடுகிறார்கள். நடுவர் கிடையாது. முதல் பாதியில் இரண்டு டீமும் வட்டமாக உட்கார்ந்து அன்றைய விதிகளைத் தாங்களே பேசி முடிவு செய்ய வேண்டும். இரண்டாவது பாதி ஆட்டம். மூன்றாவது பாதியில் மறுபடி உட்கார்ந்து, பேசிய விதியை யார் காப்பாற்றினார்கள் என்று பேசி, எதிர் டீமுக்கு நேர்மைப் புள்ளி கொடுக்க வேண்டும். கோல் புள்ளியும் நேர்மைப் புள்ளியும் சேர்ந்ததுதான் முடிவு. ஆணும் பெண்ணும் கலந்த டீம். முதல் கோலைப் பெண் பிள்ளை அடிக்க வேண்டும் என்று மெடெயினில் ஒரு விதி வைத்தார்கள், அதையும் எடுத்துக்கொண்டோம்.

நேரே சொல்கிறேன், முதல் இரண்டு மாதம் இது எடுபடாது. பையன்கள் வாயே திறக்க மாட்டார்கள், இல்லையென்றால் கத்துவார்கள். "அக்கா, பேசினது போதும், பந்தக் குடு" என்பார்கள். விடாமல் நடத்த வேண்டும். உட்காரவைப்பவர் தீர்ப்புச் சொல்லக்கூடாது, கேள்வி மட்டும் கேட்க வேண்டும். எங்கள் கோச் ஒருவருக்கு இது பழக ஆறு மாதம் பிடித்தது. பிளாக் வாரி டீமைக் கலைத்துச் சீட்டுக் குலுக்கி டீம் போட்டோம். அதற்குப் பிறகும் தகராறு வந்தது, ஆனால் அந்த வட்டத்துக்குள்ளேயே முடிந்தது. ஒரு பையன் எழுந்து, "நான்தான் கைய வச்சேன், கோல் இல்ல" என்று சொன்ன நாளில் எனக்கு ஏற்பட்ட சந்தோஷம் எந்தக் கோப்பை வாங்கியிருந்தாலும் வந்திருக்காது.

பெண் பிள்ளைகள் விஷயத்தைத் தனியாகச் சொல்ல வேண்டும். பத்து வயது வரைக்கும் வருவார்கள். பெரியவளானதும் நின்றுவிடுவார்கள். காரணம் கேட்டால் "அம்மா வேணாம்னு சொல்லிட்டாங்க" என்று மட்டும் வரும். வீட்டுக்குப் போய் உட்கார்ந்து பேசினால்தான் உண்மைக் காரணங்கள் தெரியும், அவையும் வீட்டுக்கு வீடு வேறு. ஒரு வீட்டில் தம்பியைப் பார்த்துக்கொள்ள ஆள் இல்லை. தம்பியையும் கூட்டிக்கொண்டு வா, சுண்டல் அக்கா பார்த்துக்கொள்வார் என்றோம், தீர்ந்தது. இன்னொரு வீட்டில் அரை டிராயர்தான் பிரச்சினை. முழு நீளப் பேன்ட் தைத்தோம், அதுவும் தீர்ந்தது. வேறொரு வீட்டில் மைதானத்தில் கழிப்பறை இல்லாதது. தரைத்தளத்தில் இருந்த ஒரு பாட்டி தன் வீட்டுக் கழிப்பறையைத் திறந்துவிட்டார், மாதம் ஒரு சின்னத் தொகை கொடுத்தோம். நாப்கின் அங்கேயே இருக்கும். பல வீடுகளில் தடை போட்டது அப்பா இல்லை, அண்ணன். அண்ணன்களைத் தனியாகக் கூப்பிட்டுப் பேசி, ஆட்டத்துக்கு உதவியாகவும் சேர்த்துக்கொண்டோம். சாயங்காலம் ஆறரைக்குள் முடித்து, ஒரே பக்கம் போகும் பெண் பிள்ளைகளைச் சேர்த்து, பெரியவர் ஒருவர் லிஃப்ட் வரைக்கும் கொண்டுபோய் விடுவார்.

அம்மாக்கள் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு: "இத ஆடி என்ன ஆகப் போகுது?" அதற்கு நான் கடலூர் இந்துமதி கதிரேசனைச் சொல்வேன். இந்திய அணிக்கு ஆடியவர், தமிழ்நாடு காவல்துறையில் உதவி ஆய்வாளர். தமிழ்நாட்டுப் பெண்கள் அணி 2018இல் மணிப்பூரைத் தோற்கடித்துத் தேசியப் பட்டம் வென்றதைச் சொல்வேன். ஆனால் உடனே இதையும் சொல்லிவிடுவேன்: எல்லோரும் அப்படி ஆக மாட்டார்கள், உங்கள் பெண் தினமும் இரண்டு மணி நேரம் பயமில்லாமல் ஓடுவாள், பத்தாவது வரைக்கும் பள்ளியை விடாமல் பார்த்துக்கொள்வோம், அதற்குத்தான் கூப்பிடுகிறேன். கனவை விற்றுப் பிள்ளையைச் சேர்க்காதீர்கள். கனவு பலிக்காத வீட்டில் அடுத்த பெண்ணை அனுப்ப மாட்டார்கள்.

இப்போது பணம். என்னைக் கிட்டத்தட்ட உடைத்துப் போட்டது இதுதான். ஆரம்பத்தில் என் சம்பளத்திலும் நண்பர்கள் கொடுத்ததிலும் ஓடியது. ஒரு நிறுவனத்தின் சமூகப் பொறுப்பு (சிஎஸ்ஆர்) நிதியிலிருந்து ஆட்கள் வந்து பார்த்தார்கள், பிள்ளைகளோடு படம் எடுத்தார்கள், மூன்று வருடம் ஆதரிக்கிறோம் என்றார்கள். ஒப்பந்தத்தில் மட்டும் ஒரு வருடம் என்று இருந்தது. கேட்டதற்கு "அது வழக்கமா வருஷா வருஷம் புதுப்பிக்கறதுதான்" என்றார்கள். அதை நம்பி, கேட்டரிங்குக்கும் கூரியருக்கும் போய்க்கொண்டிருந்த எங்கள் பகுதி இளைஞர்கள் இருவர் வேலையை விட்டுவிட்டு முழுநேரக் கோச்சாக வந்தார்கள், மாதம் பன்னிரண்டாயிரம் ரூபாய்க்கு. ஜெர்சி வந்தது, பேனர் வந்தது, ஒருநாள் டோர்னமென்ட் வந்தது, மேடைக்கும் ஷாமியானாவுக்கும் ஆன செலவில் பிள்ளைகளுக்கு அரை வருடம் முட்டை போட்டிருக்கலாம். சாப்பாட்டுச் செலவை "இது விளையாட்டுத் திட்டம், உணவுத் திட்டம் இல்லையே" என்று அடித்துவிட்டார்கள். கோச் சம்பளத்தை நிர்வாகச் செலவு என்று சொல்லிப் பாதியாகக் குறைத்தார்கள், மீதியை நான் போட்டேன். மார்ச் முடிந்தது. ஏப்ரலில் ஒரு மின்னஞ்சல் வந்தது, இந்த வருடம் எங்கள் கவனம் வேறு துறைக்குப் போகிறது, உங்கள் பணிக்கு வாழ்த்துகள் என்று.

அந்த இரண்டு இளைஞர்களையும் கூப்பிட்டு என்ன சொல்வது? ஒருவனுக்கு அப்போதுதான் கல்யாணம் ஆகியிருந்தது. அவர்களை அனுப்ப எனக்கு மனம் வரவில்லை. கிட்டத்தட்ட ஒரு கல்வியாண்டு முழுக்க என் சேமிப்பிலிருந்து சம்பளம் போனது. பிஎஃப் பணத்தில் ஒரு பகுதி எடுத்தேன், வளையல் அடகுக்குப் போனது. எல்லாம் சேர்த்து மூன்றரை லட்சத்தைத் தாண்டியது. அம்மா ஒருநாள், "ஊர்ப் புள்ளைங்களுக்கு முட்டை, நம்ம வீட்ல அடகுச் சீட்டா?" என்று கேட்டுவிட்டார். பதில் சொல்ல முடியவில்லை. அவர் கேட்டது நியாயம்தான்.

அந்த வருடத்தில் நான் சட்டத்தைப் படித்துத் தெரிந்துகொண்டவற்றைச் சொல்கிறேன், உங்களுக்கு அந்தச் செலவு இல்லாமல் போகட்டும். 2013 கம்பெனிகள் சட்டத்தின் 135ஆம் பிரிவின்படி, குறிப்பிட்ட அளவுக்கு மேல் பெரிய நிறுவனங்கள் கடந்த மூன்று வருட சராசரி லாபத்தில் 2 விழுக்காட்டைச் சமூகப் பணிக்குச் செலவழிக்க வேண்டும். அந்தப் பணத்தை வாங்க டிரஸ்டுக்கு வருமான வரித்துறையில் 12ஏ, 80ஜி என்று சொல்லப்படும் பதிவுகள் வேண்டும், 2021 ஏப்ரலிலிருந்து கம்பெனி விவகார அமைச்சகத்தில் சிஎஸ்ஆர்-1 என்ற பதிவும் வேண்டும், மூன்று வருட அனுபவமும் காட்ட வேண்டும். புது டிரஸ்ட் ஆரம்பித்துவிட்டு மறுமாதமே பணம் கேட்டு அலைந்தால் நேரம்தான் வீண். ஏற்கெனவே பதிவு உள்ள அமைப்போடு சேர்ந்து கொஞ்ச காலம் நடத்துங்கள், ஆனால் அவர்கள் எத்தனை விழுக்காடு எடுத்துக்கொள்வார்கள் என்று எழுத்தில் வாங்குங்கள். பணம் தருபவர்களிடம் 'தொடர் திட்டம்' என்ற வகையில் சேர்க்கச் சொல்லுங்கள். தொடங்கிய நிதியாண்டு போக இன்னும் மூன்று வருடம் வரைக்கும் நடத்த அதில் வழி இருக்கிறது. திட்டத்தை நேரடியாக நடத்துவதற்கு ஆகும் செலவு விதிப்படி நிர்வாகச் செலவில் வராது. கோச் சம்பளம் அப்படிப்பட்ட செலவுதான். இதை எடுத்துச் சொன்னால் அவர்களுடைய கணக்கு அதிகாரியே ஒத்துக்கொள்வார். விளையாட்டுப் பயிற்சி, கல்வி, ஊட்டச்சத்து மூன்றுமே சட்டத்தின் ஏழாம் அட்டவணையில் இருக்கின்றன. அதனால் விண்ணப்பத்தைக் கால்பந்து என்று மட்டும் எழுதாமல் மூன்றையும் சேர்த்து எழுதுங்கள். முட்டைக்கு இடம் கிடைக்கும்.

நிதியாண்டு மார்ச்சில் முடிகிறது, பள்ளி ஜூனில் திறக்கிறது. நடுவில் இருக்கும் ஏப்ரல், மே மாதங்களில்தான் பிள்ளைகள் நாள் முழுக்க வெறுமனே இருப்பார்கள், பெரிய பையன்கள் வேலைக்குப் போய் அப்படியே பள்ளியை விடுவார்கள். பணம் நிற்பதும் அப்போதுதான். மூன்று மாதச் சம்பளமும் சாப்பாடும் கையிருப்பில் இல்லாமல் யாரையும் முழுநேர வேலைக்குக் கூப்பிடாதீர்கள். எங்களை மீட்டது சின்னத் தொகைகள்தான். முன்னாள் கல்லூரி டீம் தோழிகள், அலுவலகத்தில் உடன் வேலை செய்பவர்கள், பெரும்பாக்கத்திலிருந்தே படித்து வேலைக்குப் போன சிலர், இவர்கள் மாதம் முந்நூறு, ஐந்நூறு என்று தானாகக் கழியும்படி வங்கியில் எழுதிக்கொடுத்தார்கள். ஒவ்வொரு மாதமும் கணக்கை வரி வரியாக எழுதி அனுப்புகிறேன், முட்டை விலை ஏறியது உட்பட. நிற்காமல் வரும் பணம் அது.

பிள்ளைகளின் படத்தைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். பணம் தருகிறவர்கள் அழுக்குச் சட்டையோடு நிற்கும் படம்தான் கேட்பார்கள். கொடுக்காதீர்கள். அந்தப் பிள்ளைகள் நாளை கல்லூரிக்குப் போவார்கள், வேலைக்குப் போவார்கள், அந்தப் படமும் கூடவே வரும். பெற்றோர் கையெழுத்து இல்லாமல் ஒரு படமும் இல்லை, பெயர் போடுவதில்லை என்று எங்கள் ஒப்பந்தத்திலேயே இப்போது இருக்கிறது.

போலி டோர்னமென்ட் பற்றி எச்சரிக்கவில்லை என்றால் இதை எழுதியதற்கே அர்த்தமில்லை. நான் பணப் பிரச்சினையில் அல்லாடிக்கொண்டிருந்த நேரத்தில், அகில இந்திய என்று ஆரம்பிக்கும் பெயரோடு ஒரு அமைப்பின் ஆள் எங்கள் பெரிய பையன்களைப் பிடித்தார். வெளிமாநிலத்தில் 'தேசிய' போட்டி, அதில் வென்றால் நேபாளத்தில் 'சர்வதேச' போட்டி, சான்றிதழ் கிடைத்தால் அரசு வேலை உறுதி என்றார். தலைக்குப் பதினெட்டாயிரம். சில வீடுகளில் வட்டிக்கு வாங்கிக் கட்டினார்கள். அங்கே போய்ப் பார்த்தால் ஆடியது நாலைந்து டீம், தங்கியது ஒரு கல்யாண மண்டபம், வந்த எல்லோருக்கும் கோப்பை. திரும்பி வந்து கல்லூரியில் விளையாட்டு ஒதுக்கீட்டுக்கு அந்தச் சான்றிதழைக் கொடுத்தபோது ஏற்கவில்லை. ஒரு அம்மா என்னிடம் வந்து அந்தக் காகிதத்தைக் காட்டி, "இது செல்லாதாம்மா?" என்று கேட்டார். வட்டி இன்னும் ஓடிக்கொண்டிருந்தது.

தமிழ்நாட்டில் அரசு வேலையில் விளையாட்டு வீரர்களுக்கு 3 விழுக்காடு ஒதுக்கீடு இருப்பது உண்மை. அதனால்தான் இந்த ஏமாற்று எடுபடுகிறது. யாராவது போட்டி என்று வந்தால் முதலில் கேட்க வேண்டியது, இது மாவட்டக் கால்பந்துச் சங்கம், தமிழ்நாடு கால்பந்துச் சங்கம், அகில இந்தியக் கால்பந்துக் கூட்டமைப்பு என்ற வரிசையில் எங்கே வருகிறது என்பது. பெயர் கிட்டத்தட்ட ஒன்றுபோல இருக்கும், அதைப் பார்த்து ஏமாறக்கூடாது. மாவட்டச் சங்கத்துக்கே போன் போட்டுக் கேளுங்கள். பள்ளிப் பிள்ளை என்றால் உடற்கல்வி ஆசிரியர் வழியாக வரும் குறுவட்ட, மாவட்டப் போட்டிகள்தான் சரியான பாதை, அதற்குப் பெரிய தொகை எதுவும் கட்ட வேண்டியதில்லை. பிறப்புச் சான்றிதழையும் ஆதாரையும் முதல் வருடமே ஒழுங்கு செய்துவிடுங்கள். இடம் மாறி வந்த குடும்பங்களில் பெயர் ஒன்றில் ஒரு மாதிரியும் மற்றொன்றில் வேறு மாதிரியும் இருக்கும். அணித் தேர்வு நாளன்று அதற்காக ஓடி ஒரு நல்ல கோல்கீப்பர் வாய்ப்பை இழந்தான்.

பிள்ளைகளின் பாதுகாப்பு பற்றி ஆரம்பிக்கும் முன்னாலேயே விதி எழுதுங்கள், ஏதாவது நடக்கும் வரை காத்திருக்க வேண்டாம். எந்தப் பெரியவரும் ஒரு பிள்ளையோடு தனியாக இருக்கக்கூடாது. பைக்கில் தனியாக ஏற்றிக்கொண்டு போகக்கூடாது. கோச் பிள்ளைகளுக்குத் தனியாக இரவில் மெசேஜ் அனுப்பக்கூடாது, பெற்றோர் உள்ள குழுவில்தான் செய்தி. வெளியூர்ப் போட்டிக்குப் பெண் பிள்ளைகள் போனால் கூட ஒரு பெண் இருந்தே ஆக வேண்டும். உதவி செய்ய வருகிற எல்லோரையும் முன்னால் வேலை செய்த இடத்தில் விசாரித்த பிறகே சேர்த்துக்கொள்ளுங்கள். எங்களிடம் ஆர்வமாக வந்த ஒருவர் இந்த விதிகளைப் பார்த்ததும் வருவதை நிறுத்திக்கொண்டார். ஏன் என்று நான் கேட்கவில்லை, நிம்மதியாக இருந்தது. ஒரு பிள்ளை ஏதாவது சொன்னால் பேசி முடிக்கப் பார்க்காதீர்கள். பிள்ளைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் 2012 போக்சோ சட்டப்படி தெரிந்தவர் புகார் செய்தே ஆக வேண்டும், மறைத்தால் குற்றம். குழந்தைகள் உதவி எண்ணான 1098 எங்கள் மைதானச் சுவரில் பெரிய எழுத்தில் எழுதியிருக்கிறது.

இன்றைய நிலையில் நாற்பது பிள்ளைகளுக்கு வாரம் ஐந்து நாள் நடத்த மாதம் நாற்பத்தைந்தாயிரம் ரூபாய் வரை ஆகிறது. இரண்டு கோச் சம்பளமும் சாப்பாடும் சுண்டல் அக்காவின் சம்பளமும் போகப் பந்து, ஷூவுக்கு ஆவது இரண்டாயிரம்தான். மருத்துவச் செலவுக்கு ஐயாயிரம் ரூபாய் தனியாக வைத்திருக்கிறோம், குழு விபத்துக் காப்பீடும் எடுத்திருக்கிறோம். ஒரு பையனுக்கு மணிக்கட்டு முறிந்தபோது, அவனோடு ஆஸ்பத்திரியில் இருந்த அம்மாவின் நாள் கூலியையும் அதிலிருந்துதான் கொடுத்தோம். என் கடனில் பாதி அடைந்துவிட்டது.

ஆரம்பிப்பது என்றால் ஜூன், ஜூலையில் ஆரம்பியுங்கள். பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தை ஒட்டிய எங்கள் பக்கத்தில் அக்டோபர் வந்தால் தரையில் தண்ணீர் ஏறி டிசம்பர் வரைக்கும் நிற்கும். மைதானம் இல்லை என்று அந்த மூன்று மாதம் விடுமுறை விட்டால் ஜனவரியில் பாதிப் பிள்ளைகள் இருக்க மாட்டார்கள். அதனால் மழை வருவதற்கு முன்னாலேயே ஒரு கூரைக்குப் பேசி வையுங்கள், சமுதாயக் கூடமோ பள்ளி வகுப்பறையோ எதுவானாலும். நாங்கள் அந்த மாதங்களில் அதே நேரத்துக்குப் பிள்ளைகளை வரச்சொல்லி வீட்டுப்பாடம் எழுதவைக்கிறோம், பழைய ஆட்டங்களைப் போட்டுக் காட்டி வட்டமாக உட்கார்ந்து பேசவைக்கிறோம், காலை நீட்டி மடக்கும் பயிற்சி செய்யவைக்கிறோம். கோச் இருவருக்கும் மழை மாதத்திலும் முழுச் சம்பளம். முட்டையும் உண்டு.